கோச்சியும் கோச்சிங்கும்: வட்டமாக உட்கார்ந்து கற்றவர்களின் கதை

சாதாரண தரப் பெறுபேறுகள் வந்த கையோடு நம்மூரில் வழமையாக ஒரு வழிகாட்டல் கருத்தரங்கு நடக்கும். நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து அதை நடத்தியிருக்கிறோம். மண்டபம் நிறையப் பிள்ளைகள், வெளியூரிலிருந்து ஒரு வளவாளர், திரையில் படங்கள், இடையில் ரோல்ஸும் தேநீரும், கடைசியில் நன்றியுரை. எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். படங்களை முகநூலில் போட்டுவிட்டு மனநிறைவோடு வீட்டுக்குப் போவோம்.

போன முறை கருத்தரங்கு முடிந்து மூன்று மாதம் கழித்து, அன்று முன்வரிசையில் இருந்த ஒரு பையனைச் சந்தியில் கண்டோம். "கருத்தரங்கு எப்படி மகன் இருந்தது?" என்று கேட்டோம். "நல்லாப் பேசினார் சேர்" என்றான். "அப்ப, என்ன செய்யிறதா முடிவு?" "இன்னும் ஒண்டும் யோசிக்கல்ல சேர்."

அந்தப் பதில் எங்களை விடவில்லை. பையன் மீது பிழை சொல்ல முடியாது. இரண்டரை மணித்தியாலம் அவனைக் கேட்க வைத்தோம். ஒரு நிமிடமாவது பேச வைத்தோமா? இல்லை.

இதற்கிடையில் இன்னொரு விடயம். இப்போது நம் பக்கத்திலும் 'குரூப் கோச்சிங்' என்ற பெயரில் விளம்பரங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆறு வாரம், எட்டு வாரம், சூமில், நேரில் என்று பல விதம். பெற்றோர் எங்களிடம் வந்து, "இது டியூஷனா சேர், வேற ஏதுமா? காசு கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். சரியான பதில் எங்களிடமும் இருக்கவில்லை. அதனால் தேடிப் படித்தோம். கிட்டத்தட்ட முந்நூறு வருடக் கதை ஒன்று கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

*சொல் வந்த வழி*

ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு சிறிய ஊர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட குதிரை வண்டிகள் ஐரோப்பா எங்கும் பெயர் பெற்றன. ஊரின் பெயரே வண்டிக்கும் பெயராகி, ஆங்கிலத்துக்குப் போய், பிறகு புகையிரதப் பெட்டிக்கும் ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ரயிலையே 'கோச்சி' என்று சொல்லிப் பழகிவிட்டோம். நம் மூத்தம்மாமார் "கோச்சில போனோம்" என்று சொன்னபோது, தாங்கள் கேள்விப்பட்டேயிராத ஹங்கேரிய ஊர் ஒன்றின் பெயரைத்தான் சொன்னார்கள்.

1830களில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள், பரீட்சைக்குத் தங்களைத் தயார்படுத்திய தனியார் ஆசிரியரைக் கேலியாகக் 'கோச்' என்று அழைத்தார்கள். வண்டி போல ஏற்றிக்கொண்டுபோய்ப் பரீட்சையின் மறுகரையில் இறக்கிவிடுபவர் என்ற பொருள். அதன் பிறகுதான் படகோட்டத்துக்கும் மற்ற விளையாட்டுகளுக்கும் அந்தச் சொல் போனது. ஆக, உலகின் முதல் 'கோச்' ஒரு டியூஷன் மாஸ்டர். "இது டியூஷனா சேர்?" என்று கேட்ட உம்மாமார் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால் சொல் வந்த வழி வேறு, செயல் வந்த வழி வேறு. சிலர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் தத்தம் காரியத்துக்கு வழி காணும் இந்த முறை, டியூஷன் வகுப்பிலிருந்து வரவில்லை.

*அச்சகத் தொழிலாளியின் வெள்ளிக்கிழமை*

1727ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு அப்போது 21 வயது, அச்சகத்தில் வேலை. தன்னைப் போன்ற உழைப்பாளிகளைச் சேர்த்து 'ஜன்டோ' என்று ஒரு கழகம் தொடங்கினார். அச்சுத் தொழிலாளிகள், கண்ணாடி பொருத்துபவர், நில அளவையாளர், சப்பாத்துத் தைப்பவர், தச்சர், கடை எழுத்தர் என்று பல தொழில் செய்பவர்கள். பெரும்பாலோர் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார்கள்.

இந்தக் கழகத்தில் கவனிக்க மூன்று விடயங்கள் உண்டு. முதலாவது, கூட்டத்துக்கு முன்பே கேள்விகள் எழுதித் தயாராக இருந்தன. அண்மையில் வாசித்ததில் பயனுள்ளது ஏதும் உண்டா, ஊரில் யாருடைய வியாபாரம் நொடித்தது, காரணம் என்ன, யார் முன்னேறினார், எப்படி, புதிதாகத் தொழில் தொடங்கிய இளைஞர் யாருக்காவது நாம் கைகொடுக்க முடியுமா என்ற வகையிலான கேள்விகள். இரண்டாவது, "இதுதான் சரி" என்று அடித்துப் பேசுவது தடை. மீறினால் சிறு தண்டப்பணம். மூன்றாவது, எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. சிலர் தங்கள் நண்பர்களையும் சேர்க்க விரும்பியபோது, கழகத்தைப் பெருப்பிக்காமல், ஒவ்வோர் உறுப்பினரும் தனியாக ஒரு சிறு கழகம் தொடங்கட்டும் என்று பிராங்க்ளின் சொன்னார்.

1731இல் அமைந்த பிலடெல்பியா நூலகச் சங்கம் இந்தக் கூட்டத்திலிருந்து பிறந்ததுதான். பன்னிரண்டு பேரின் வெள்ளிக்கிழமைப் பேச்சிலிருந்து ஒரு நகரத்துக்கே நூலகம் வந்தது.

*ஒரு புத்தகம், பல கைகள்*

அடுத்தது சுவீடன். 1902இல் லுண்ட் நகரில் ஒஸ்கார் ஒல்சன் என்ற ஆசிரியர், மது ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்தவர், 'படிப்பு வட்டம்' ஒன்றைத் தொடங்கினார். அக்காலச் சுவீடனில் தொழிலாளிக்கு உயர்கல்வி எட்டாக்கனி. ஒல்சனின் வழி மிக எளிமையானது. வட்டத்தில் உள்ளவர்கள் புத்தகங்கள் வாங்கி, மாறி மாறி வாசித்து, கூடிப் பேசுவார்கள். படித்து முடித்த புத்தகங்கள் சேர்ந்து ஊர் நூலகமாகும். விரிவுரையாளர் தேவையில்லை. பேச்சை ஒழுங்குபடுத்த ஒருவர் போதும்.

1912இல் தொழிலாளர் கல்விச் சங்கம் உருவாகி இந்த முறையை நாடெங்கும் கொண்டுசென்றது. பிற்காலப் பிரதமர் ஒலொப் பால்மே, சுவீடனை ஒரு படிப்பு வட்ட ஜனநாயகம் என்று பெருமையோடு அழைத்தார். இன்றும் அங்கே படிப்பு வட்டங்கள் உண்டு.

பிலடெல்பியாவிலும் லுண்டிலும் நடந்தது ஒன்றே: சிறிய கூட்டம், முன்கூட்டிய தயாரிப்பு, மறுபடி மறுபடி சந்திப்பு. ஆனால் இது ஏன் வேலை செய்கிறது என்பதை எவரும் அளந்து பார்க்கவில்லை. அதை அளந்தவர் ஒரு அகதி.

*ஈரல் கதை*

கேர்ட் லெவின் ஒரு யூத உளவியலாளர். பெர்லினில் புகழோடு இருந்தவர், 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜேர்மனியை விட்டு அமெரிக்கா போனார். அவருடைய தாயார் பிறகு நாஜிகளின் முகாமில் கொல்லப்பட்டார். மனிதர் கூட்டமாகச் சேரும்போது எப்படி மாறுகிறார்கள் என்பதே அவரது வாழ்நாள் கேள்வியாக இருந்தது. காரணத்தை விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் நல்ல இறைச்சி போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலுள்ளவர்கள் மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைத்தால் சத்துக்குச் சத்து, சிக்கனத்துக்குச் சிக்கனம். ஆனால் அமெரிக்க இல்லத்தரசிகளுக்கு அவற்றைத் தொடவே அருவருப்பு. (நம்மூரில் ஈரலுக்கும் பாபத்துக்கும் இறைச்சிக் கடையில் அதிகாலையிலேயே போட்டி என்பது வேறு கதை.) உணவுப் பழக்கத்தை மாற்ற அங்கே தேசிய மட்டத்தில் ஒரு குழு இயங்கியது. மானிடவியலாளர் மார்கரெட் மீட் அதன் செயலாளர். அந்த வேலைக்காகத்தான் லெவின் இந்தப் பரிசோதனையைச் செய்தார்.

ஆறு பெண்கள் குழுக்கள். ஒவ்வொன்றிலும் 13 முதல் 17 பேர். மூன்று குழுக்களுக்கு நல்ல விரிவுரை: சத்துகளின் விளக்கம், யுத்தத்துக்கு இது எப்படி உதவும் என்ற எடுத்துரைப்பு, சமையல் குறிப்புத் தாள்கள். பேசியவர் தன் குடும்பத்தார் இதை விரும்பிச் சாப்பிட்டதையும் சொன்னார். மற்ற மூன்று குழுக்களில் விரிவுரை இல்லை. "நம்மைப் போன்ற இல்லத்தரசிகளை இதைச் சமைக்க வைக்க முடியுமா? என்ன தடை வரும்?" என்ற கேள்வியோடு பேச்சு தொடங்கியது. கணவர் முகம் சுளிப்பார், சமைக்கும்போது வாடை வரும் என்று அவர்களே தடைகளைச் சொன்னார்கள். அந்தத் தடைகள் வெளியே வந்த பிறகுதான் நிபுணர் வாய் திறந்தார், அதே சமையல் குறிப்புகளைக் கொடுத்தார். முடிவில், வரும் வாரத்தில் செய்து பார்க்க விருப்பமுள்ளவர்கள் கை உயர்த்தினார்கள். இரு பக்கமும் எடுத்த நேரம் ஒன்றுதான், ஏறத்தாழ 45 நிமிடம்.

பிறகு வீடுகளில் விசாரித்தார்கள். விரிவுரை கேட்டவர்களில் 3 சதவீதத்தினர் தாங்கள் முன்பு சமைக்காத உறுப்பு ஒன்றைச் சமைத்திருந்தார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதத்தினர்.

இந்த இரண்டு எண்களையும் படித்த அன்று எங்கள் கருத்தரங்கின் முன்வரிசைப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

ஒரு விடயத்தை மறைக்கக் கூடாது. பிறகு வந்து விசாரிப்போம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது கூடிப் பேசிய குழுக்களுக்கு மட்டும்தான். ஆகவே, பேச்சின் பலனா, "வந்து கேட்பார்கள்" என்ற நினைப்பின் பலனா என்ற கேள்வி எழுந்தது. லெவினே அதை எழுதியிருக்கிறார். பிறகு பால் பாவனையை வைத்து நடந்த பரிசோதனையில் எந்தத் தரப்புக்கும் அப்படிச் சொல்லவில்லை. அப்போதும் கூடி முடிவெடுத்தவர்களே முன்னால் நின்றார்கள். எங்களுக்கு இதில் இரண்டு பாடங்கள். தன் வாயால், மற்றவர் முன்னிலையில் எடுத்த முடிவுக்கு ஒரு பலம் உண்டு. திரும்பி வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது இன்னொரு பலம்.

*ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாலை*

1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூ பிரிட்டன் நகர ஆசிரியர் கல்லூரியில் லெவினும் அவரது சகாக்களும் ஒரு செயலமர்வு நடத்தினார்கள். இன, மதப் பாகுபாட்டைக் குறைக்க உழைப்பவர்களுக்கான பயிற்சி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும். பகலில் சிறு குழுக்களில் கலந்துரையாடல். இரவில், குழுவில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மட்டும் கூடிப் பேசுவார்கள்.

ஒரு மாலை, பங்குபற்றியவர்களில் சிலர் "நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா?" என்றார்கள். மற்றவர்கள் தயங்கினாலும் லெவின் சம்மதித்தார். ஆய்வாளர் ஒருவர் ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும், அந்தப் பெண் குறுக்கிட்டு "அப்படி நடக்கவேயில்லை" என்று தன் பக்கத்தைச் சொன்னார். லெவினுக்கு அது அவமதிப்பாகப் படவில்லை, புதையல் கிடைத்தது போல இருந்தது. அடுத்தடுத்த இரவுகளில் பங்குபற்றுநர் எல்லோரும் வரத் தொடங்கினார்கள். பகலில் நடந்த பாடங்களை விட இரவில் நடந்த இந்தப் பேச்சில்தான் அதிகம் கற்றதாக அவர்கள் உணர்ந்தார்கள்.

லெவின் 1947 பெப்ரவரியில் காலமானார், வயது 56. அந்த வருடக் கோடையில் மேய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிறிய ஊரில் அவரது சகாக்கள் இந்த முறைக்கென்றே ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள். இன்று குழுவாக நடத்தும் பயிற்சிகள் பலவற்றுக்கும் அதுவே தாய்வீடு.

*நிலக்கரிச் சுரங்கத்தில்*

அதே காலத்தில் பிரித்தானியாவில் ரெஜினோல்ட் ரெவன்ஸ் என்பவர் வேறு பாதையால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1928 ஒலிம்பிக்கில் நீளம் பாய்ந்தவர், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுகூடத்தில் பௌதிகம் படித்தவர். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் அங்கே வாராந்தம் கூடி, தாங்கள் சாதித்ததைச் சொல்லாமல், தங்களுக்குப் புரியாததைப் பற்றிப் பேசிக்கொண்டதை அவர் பார்த்திருந்தார்.

யுத்தம் முடிந்த காலத்தில் நிலக்கரித் துறையில் கல்விக்குப் பொறுப்பானார். பேராசிரியர்களைக் கொண்டுவந்து சுரங்க முகாமையாளர்களுக்குப் பாடம் எடுப்பதை அவர் விரும்பவில்லை. முகாமையாளர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒருவர் சுரங்கத்துக்கு மற்றவர் போய்ப் பார்த்து, உண்மையான பிரச்சினையை வைத்துக் கேள்வி கேட்டு, ஒன்றைச் செய்து பார்த்து, மீண்டும் கூடி நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றார். ஐந்தாறு பேர் கொண்ட இந்த முறைக்குப் பின்னாளில் 'செயல்வழிக் கற்றல்' என்று பெயர் வந்தது. கற்றல் என்பது புத்தகத்திலிருந்து கிடைத்த அறிவும் சரியான நேரத்தில் எழுந்த கேள்வியும் சேர்ந்தது என்பது அவரது சூத்திரம். செய்து பார்க்காமல் கற்றல் இல்லை என்பதில் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 2003இல் மறைந்தார்.

நம் பாடசாலைகளில் நாம் அறிந்த 'தர வட்டம்' 1962இல் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தொடங்கியது. அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நாம் அதைப் போட்டிக்குக் காட்டும் ஒரு படைப்பாகச் சுருக்கிவிட்டோமா என்பதை ஆசிரிய நண்பர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

*தொழிலாக மாறியது*

'கோச்' என்ற சொல் இந்தக் கதைக்குள் நுழைந்தது மிகப் பிந்தித்தான். 1974இல் டிமதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் ஒரு நூல் எழுதினார். "இப்படி அடி, அப்படி அடி" என்று சொல்லச் சொல்ல மாணவர் குழம்புகிறார், பந்தைக் கவனிக்க வைத்தாலே தானாகத் திருந்துகிறார் என்பது அவர் கண்டது. பழைய காரோட்டப் பந்தய வீரரான பிரித்தானியர் ஜோன் விட்மோர் அந்தச் சிந்தனையை நிறுவனங்களுக்குக் கொண்டுபோனார். இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு படிக் கேள்வி முறையை 1992இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் பரப்பியது. அமெரிக்காவில் நிதி ஆலோசகராக இருந்த தோமஸ் லெனார்ட் அதே காலத்தில் கோச்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1995இல் சர்வதேச கோச் சம்மேளனம் அமைந்தது.

இதெல்லாம் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் நடந்தது. அதற்குச் செலவு அதிகம். பலரைச் சேர்த்துச் செய்தால் கட்டணம் குறையும், பலன் கூடும் என்று கண்டபோது, கோச்கள் பழைய வட்டத்துக்கே திரும்பி வந்தார்கள். 'குரூப் கோச்சிங்' என்று நமக்கு இன்று விளம்பரத்தில் வருவது, பிராங்க்ளினின் வெள்ளிக்கிழமையும் லெவினின் பரிசோதனையும் ரெவன்ஸின் சுரங்கமும் கால்வேயின் டென்னிஸும் கலந்த ஒன்று.

*கதையின் இருண்ட பக்கம்*

1960களில் பெத்தலில் தொடங்கிய முறை அமெரிக்காவில் காட்டுத்தீ போலப் பரவியது. "மனதில் உள்ளதையெல்லாம் கொட்டு" என்ற வகைக் குழுக்கள் பெருகின. முன்பின் தெரியாதவர்கள் நடுவே அழவைப்பதும், ஒருவரைச் சூழ்ந்து உடைப்பதும் 'பயிற்சி' ஆயிற்று. லீபர்மன், யாலொம், மைல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 200 மாணவர்களை இத்தகைய பல வகைக் குழுக்களில் தொடர்ந்து கவனித்து, 1973இல் முடிவை நூலாக வெளியிட்டார்கள். பலர் பயன் பெற்றிருந்தார்கள். ஆனால் சிலருக்கு மாதக் கணக்கில் நீடித்த மனப்பாதிப்பு. அதில் கவனிக்க வேண்டியது: கவர்ச்சியும் ஆவேசமும் நிறைந்த, ஆட்களை முட்டி மோதித் திறக்க முயன்ற தலைவர்களின் குழுக்களில்தான் பாதிப்பு அதிகம்.

மேடையில் கண்ணீர் வரவழைப்பவரே சிறந்த பயிற்றுநர் என்று நினைக்கும் நாம் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் கோச் தொழிலுக்குச் சட்டப்படியான அனுமதிப் பத்திரம் எதுவும் தேவையில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

*நாங்கள் செய்து பார்த்தது*

படித்ததோடு விடாமல் சிறிதாக ஒன்றைத் தொடங்கினோம். எட்டுப் பையன்கள், ஆறு வாரம், வாரம் ஒன்றரை மணித்தியாலம். பெண்பிள்ளைகளுக்கு எங்களோடுள்ள ஆசிரியை ஒருவர் தனியாக நடத்தினார். காசு வாங்கவில்லை.

திட்டமிடுவதிலேயே பாதி வேலை என்பது அப்போதுதான் விளங்கியது. தொடங்கு முன் ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் தனியாகப் பேசினோம். என்ன எதிர்பார்க்கிறாய், எதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்று கேட்டோம். ஆறு வாரத்துக்கும் ஒரே தலைப்பு: அடுத்த ஒரு வருடம். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரே ஒரு பெரிய கேள்வி. கதிரைகள் வட்டமாக, மேசை இல்லாமல். முதலில் போன வாரம் சொன்னதைச் செய்ததா, தடை என்ன என்று ஆளுக்கு இரண்டு நிமிடம். பிறகு கேள்வி. எல்லோர் முன்னும் வாய் திறக்கக் கூச்சப்படுபவர்களுக்காக முதலில் இரண்டிரண்டு பேராகப் பேச விட்டோம், பிறகு பொதுவில். கடைசிப் பதினைந்து நிமிடம், வரும் வாரம் செய்யப் போகும் ஒரு சிறிய காரியத்தை ஒவ்வொருவரும் தன் கொப்பியில் எழுதி வாசிக்க வேண்டும். "நல்லாப் படிப்பேன்" என்றால் ஏற்க மாட்டோம். "செவ்வாய்க்கிழமை தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் எடுப்பேன்" என்றால் சரி. இடையில் ஒரு நாள், இரண்டு பேர் சோடியாக ஒருவரையொருவர் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும்.

எல்லாம் கடதாசியில் அழகாகத்தான் இருந்தது. முதல் வாரம் எங்களில் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கு வைத்தார். பாதி நேரத்துக்கு மேல் பேசியது நாங்கள்தான். கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி மௌனம் வந்தால் போதும், ஆசிரியருக்குக் கை கால் உதறுகிறது, பதிலைத் தானே சொல்லிவிடுகிறார். கலாசாலையில் எங்களுக்குப் பேசத்தான் சொல்லித் தந்தார்கள். பேசாமல் இருக்க நாங்களாகவே கற்க வேண்டியிருந்தது. இரண்டாம் வாரம் முதல், கேள்வி கேட்ட பின் மனதுக்குள் பத்து வரை எண்ணுவது என்று முடிவு செய்தோம். ஏழு, எட்டு வரும்போது யாராவது ஒரு பையன் வாயைத் திறப்பான்.

இரண்டாம் வாரம் வாயாடிப் பையன் ஒருவன் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டான். அதற்கும் முறை வைத்தோம்: எல்லோரும் ஒரு முறை பேசும் வரை ஒருவர் இரண்டாம் முறை பேசுவதில்லை. பிராங்க்ளினின் தண்டப்பணம் ஏன் என்று அன்று புரிந்தது.

மூன்றாம் வாரம் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. வட்டத்துக்குள் ஒரு பையன் தன் வீட்டு விடயம் ஒன்றைச் சொன்னான். அது நாலு நாளில் அவனுடைய வாப்பாவின் காதுக்குப் போய்விட்டது. பையன்கள் யாரும் சொல்லவில்லை. தேநீர்க் கடையில், நல்ல எண்ணத்தோடுதான், எங்களில் ஒருவர் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சேர்" என்றான். அதற்குப் பிறகும் வரவில்லை. அவன் சொன்னது என்ன என்பதை இங்கும் எழுத மாட்டோம்.

பிலடெல்பியாவோ லண்டனோ பெரிய நகரங்கள். நம்மூர் அப்படியல்ல. இங்கே ஒருவரின் மச்சான் இன்னொருவரின் அயல் வீட்டுக்காரர். இரகசியம் காப்பதுதான் நம்மூரில் இந்த வேலைக்கு அத்திவாரம். அதை முதல் நாளே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். யாரை விடவும் நடத்துபவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதோடு, மனதில் பெரும் பாரம் சுமக்கும் பிள்ளை என்று தெரிந்தால், அது வட்டத்தில் தீர்க்கும் விடயமல்ல, உளவள ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ அனுப்ப வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டோம்.

மீதி ஏழு பேரும் ஆறு வாரமும் வந்தார்கள். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் கணிதத்துக்கு மறுபடி விண்ணப்பித்தான். ஒருவன் மின்னிணைப்புப் பயிற்சிக்குச் சேர்ந்தான். இருவர் உயர்தரத்தில் பாடப்பிரிவை மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். ஆனால் என்ன யோசிக்கிறார்கள் என்று கேட்டால் இப்போது சொல்லத் தெரிகிறது.

*பெற்றோருக்கு*

நம்மூர்ப் பெண்கள் சீட்டுப் பிடிப்பதைப் பாருங்கள். ஆட்கள் குறைவு, எல்லோரும் தெரிந்தவர்கள், மாதா மாதம் கூடியே ஆக வேண்டும், சொன்ன சொல் மாறினால் எல்லோர் முன்னும் வெட்கம். அதனால்தான் வங்கியில் சேராத காசு சீட்டில் சேர்கிறது. நல்ல குரூப் கோச்சிங்கும் அப்படியான ஒன்றுதான். காசுக்குப் பதிலாக முடிவுகள் சேர்கின்றன.

ஆகவே, "காசு கட்டலாமா?" என்று கேட்ட உம்மா வாப்பாமாருக்கு எங்கள் பதில் இது. முதலில் நடத்துபவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? நூறு பேர் என்றால் அது கருத்தரங்கு, கருத்தரங்குக் கட்டணம் மட்டும் கொடுங்கள். தொடங்கு முன் என் பிள்ளையோடு தனியாகப் பேசுவீர்களா? ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் பேசுவீர்கள், பிள்ளைகள் எவ்வளவு நேரம்? பிள்ளை சொன்னது வெளியே போகாமல் இருக்க என்ன ஏற்பாடு? சொன்னதைச் செய்தானா என்று அடுத்த வாரம் யார் கேட்பது? உங்களால் கையாள முடியாத பிரச்சினை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். பதிலுக்குப் பதிலாக மேடைப் பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். வட்டத்தில் என்ன பேசினாய் என்று பிள்ளையைத் துருவாதீர்கள். "இந்தக் கிழமை என்ன செய்யப் போறாய் மகன்?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்த வருடப் பெறுபேறு வந்ததும் கருத்தரங்கு வழமை போல நடக்கும். அதை நிறுத்தச் சொல்லவில்லை, தகவல் கொடுக்க அது வேண்டும். ஆனால் அதே மண்டபத்தில், அன்று பின்னேரமே, கதிரைகளை எட்டெட்டாக வட்டமாகப் போட வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒருவர் வேண்டும். ஆசிரியராக இருக்க வேண்டுமென்றில்லை. கடை நடத்துபவர், தாதி உத்தியோகத்தர், மின்னிணைப்பாளர், பல்கலைக்கழக மாணவர் யாராகவும் இருக்கலாம். கேள்வி கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணத் தெரிந்தவராகவும், கேட்டதைத் தேநீர்க் கடைக்குக் கொண்டுபோகாதவராகவும் இருந்தால் போதும்.

அப்படிப்பட்டவர்கள் எங்களோடு பேசுங்கள்.